பள்ளிக்கூடத்துக்கு மாதம்தோறும் வந்த இலக்கியம்

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நூறாண்டுக்கு முன் கல்வித் துறையே இலக்கிய இதழ் அச்சிட்டு, மாதாமாதம் வகுப்பறைக்கு அனுப்பிவந்தது. சென்ற இதழில் இதைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கான பகுதியைப் பற்றியே கேட்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

கேள்வி: பள்ளி இதழ் என்றால் ஆண்டு விழா மலர் போல மாணவர்களே எழுதுவதா? அல்லது சிறுவர்களுக்கான கதைப் பத்திரிகையா? — வாசகர், கோவை

இரண்டும் இல்லை. மாணவர்களே எழுதி, முதல்வர் வாழ்த்துரையோடு வரும் மலர் வேறு வகை. கடையில் காசு கொடுத்து வாங்கும் சிறுவர் பத்திரிகையும் வேறு. இங்கிலாந்தில் 1899இல் தொடங்கிய ‘தி கேப்டன்’, 1908இல் தொடங்கிய ‘தி மேக்னெட்’ போன்றவை அந்த இரண்டாம் வகை. உறைவிடப் பள்ளிக் கதைகள் நிறைந்தவை. நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸின் பள்ளிக்கூடக் கதைகள் பல ‘தி கேப்டன்’ இதழில்தான் வந்தன. அவற்றைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள்.

நாம் பேசுவது பாடப் புத்தகத்தின் இடத்திலேயே உட்கார்ந்த இதழைப் பற்றி. தெற்கு ஆஸ்திரேலியாவின் ‘தி சில்ட்ரன்ஸ் ஹவர்’ 1889இல் வந்தது. விக்டோரியா மாநிலத்தின் ‘தி ஸ்கூல் பேப்பர்’ 1896இலும், குயின்ஸ்லாந்தின் ஸ்கூல் பேப்பர் 1905இலும், நியூசிலாந்தின் ‘ஸ்கூல் ஜர்னல்’ 1907 மே மாதத்திலும் தொடங்கின. நியூ சவுத் வேல்ஸின் ‘ஸ்கூல் மேகஸின்’ 1916 பிப்ரவரியில் பிறந்தது. அதன் முழுப் பெயரை ‘நம் பிள்ளைகளுக்கான இலக்கியப் பள்ளி இதழ்’ என்று தமிழாக்கலாம். ‘இலக்கியம்’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தது அவர்கள் எதை முதன்மையாக நினைத்தார்கள் என்று காட்டுகிறது. நியூ சவுத் வேல்ஸ் இதழும் நியூசிலாந்து இதழும் இன்றும் வருகின்றன.

ஒவ்வொரு இதழும் வகுப்புவாரியாகத் தனித்தனிப் பகுதிகளாக வந்தது. நியூசிலாந்தில் மூன்று பகுதிகள். மூன்றாம் பகுதி ஐந்து, ஆறாம் ஸ்டாண்டர்டு பிள்ளைகளுக்கு. அதாவது சுமார் 11 முதல் 14 வயது வரை. அன்று பெரும்பாலான பிள்ளைகளின் படிப்பு அந்த வயதோடு முடிந்துவிடும். நியூசிலாந்தில் கட்டாயக் கல்வி 14 வயது வரைதான். எனவே பலருக்கு மூன்றாம் பகுதியே கடைசிப் பாடம். அதைத் தொகுத்தவர்கள் துணிந்து கனமான இலக்கியத்தை அதில் வைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: நல்ல பாடப் புத்தகம் இருக்கும்போது மாத இதழ் எதற்கு? செலவுதானே கூடும்? — வாசகி, திருச்சி

செலவு குறைந்தது. ஆனால் முதல் காரணம் அதுவல்ல.

விக்டோரியாவில் 1870களின் பிற்பகுதியிலிருந்து நெல்சன் நிறுவனத்தின் ‘ராயல் ரீடர்ஸ்’ வரிசைதான் வாசிப்புப் புத்தகம். வகுப்புக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று. அதே காலத்தில் ‘தேர்ச்சிக்கு ஏற்ற ஊதியம்’ என்ற முறையும் நடைமுறையில் இருந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்வார், எத்தனை பேர் தேறினார்களோ அதைப் பொறுத்து ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கு கூடும் அல்லது குறையும். விளைவை ஊகிப்பது எளிது. ஒரே புத்தகத்தை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பாடம் மனப்பாடமாகிவிடும். கண் பக்கத்தின் மேல் இருக்கும், வாய் பாட்டுக்கு ஒப்பிக்கும். நம் ஊரிலும் இதைப் பார்க்காதவர் இல்லை.

மாத இதழ் இந்தப் பழக்கத்தின் வேரில் கை வைத்தது. அடுத்த மாதம் என்ன வரும் என்று ஆசிரியருக்கே தெரியாது. பார்த்திராத பத்தியைப் பிள்ளை வாசித்தாக வேண்டும். மனப்பாடம் உதவாது, வாசிப்பு மட்டுமே உதவும். விக்டோரியாவில் ‘ஸ்கூல் பேப்பரை’த் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடத்தியவர் சார்லஸ் லாங் என்ற கல்வி அதிகாரி. விக்டோரியா வரலாற்றுச் சங்கம் 1909இல் உருவானபோது அதில் முன்நின்றவர்களில் ஒருவர். உள்ளூர் வரலாறு இதழுக்குள் இயல்பாக வந்ததற்கு அவருடைய ஈடுபாடும் ஒரு காரணம்.

இனி செலவு. விக்டோரியாவில் இதழ் ஒன்று ஒரு பென்னி. பள்ளி ஆண்டு முழுவதும் வாங்கினாலும் ஒரு ஷில்லிங்குக்குள் (12 பென்னி) அடங்கும். நியூசிலாந்தில் அதுவும் இல்லை, இலவசம். அங்கே பள்ளிகளின் தலைமை இன்ஸ்பெக்டராக இருந்த ஜார்ஜ் ஹாக்பென் 1904இல் புதிய பாடத்திட்டம் கொண்டுவந்தார். வரலாறு, புவியியல், இயற்கைப் பாடம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வாசிப்புப் புத்தகம் வாங்கும் சுமையைப் பெற்றோரிடமிருந்து எடுத்து, ஒரே இதழுக்குள் எல்லாவற்றையும் கொண்டுவருவது அடுத்த படி. 1914 முதல் அரசுப் பள்ளிகளில் அது கட்டாய வாசிப்பாயிற்று.

கேள்வி: அப்படி என்ன இலக்கியத்தைக் கொடுத்தார்கள்? சிறுவர் கதைகளா, பெரியவர்கள் படிப்பதா? — வாசகர், மதுரை

மேல்வகுப்புக்குப் பெரும்பாலும் பெரியவர்களுக்காக எழுதப்பட்டதுதான். டென்னிசன், லாங்ஃபெல்லோ போன்றோரின் கவிதைகள், ஸ்காட், டிக்கன்ஸ் ஆகியோரின் நாவல்களிலிருந்து எடுத்த பகுதிகள், பயணக் குறிப்புகள், கிரேக்க, வட ஐரோப்பிய நாட்டுத் தொன்மக் கதைகள். கூடவே அந்த மண்ணின் எழுத்து: ஹென்றி கெண்டல், ஹென்றி லாசன், பான்ஜோ பேட்டர்சன். இந்தக் கடைசிப் பட்டியல்தான் முக்கியம். லண்டனிலும் எடின்பரோவிலும் அச்சான ரீடர்களில் இவர்களுக்கு இடம் இல்லை.

ஒரே ஒரு கவிதையை எடுத்துக்கொள்வோம். கெண்டலின் ‘பெல் பேர்ட்ஸ்’. மணி அடிப்பதுபோல் கூவும் ஒரு காட்டுப் பறவையைப் பற்றியது, 1869இல் வந்த தொகுப்பில் உள்ளது. அதில் அந்தப் பறவைகள் மே மாதப் பாட்டை செப்டம்பரில் பாடுகின்றன என்று ஒரு வரி வருகிறது. ஆங்கிலக் கவிதையைப் படித்து வளர்ந்தவருக்கு ‘மே’ என்றால் வசந்தம். ஆஸ்திரேலியாவில் மே என்றால் குளிர் தொடங்கும் மாதம், வசந்தம் வருவது செப்டம்பரில். இரண்டு அரைக்கோளங்களையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிட்டார் கெண்டல். அதே கவிதையில் அக்டோபர் பொன்னிறக் கூந்தல் பெண்ணாக வருகிறாள், டிசம்பர் காட்டுக்குள் தீயாகக் கால் வைக்கிறது. விக்டோரியாவின் பாலரட் நகரத்தில் டிசம்பர் வெயிலில் வியர்த்துக்கொண்டு ‘பனி கொட்டும் கிறிஸ்துமஸ்’ பற்றி வாசித்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, தன் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மாதம் கவிதைக்குள்ளும் இருக்கலாம் என்பதே ஒரு திறப்பு.

மாத இதழால் இதைச் செய்ய முடிந்தது, ஆண்டுப் புத்தகத்தால் முடியவில்லை. செப்டம்பர் இதழில் செப்டம்பர்க் கவிதை. வாட்டில் என்ற மஞ்சள் பூ மரத்துக்கு செப்டம்பர் முதல் நாளை 1910 முதல் பல நகரங்களில் கொண்டாடினார்கள். மரம் நடும் நாளுக்கு மரத்தைப் பற்றிய எழுத்து. சங்கப் பாட்டில் முல்லைக்குக் கார்காலம் என்று பொழுதைச் சேர்த்து வைத்த மரபில் வந்த நமக்கு இந்த ஏற்பாட்டின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

பேட்டர்சனின் ‘தி மேன் ஃப்ரம் ஸ்னோயி ரிவர்’ (1890) இன்னொரு வகை. மலைச் சரிவில் குதிரை பாய்வதைச் சொல்லும் நீண்ட கதைப்பாட்டு. யாப்பே குதிரையின் குளம்படிபோல் ஓடும். நம் நொண்டிச் சிந்தின் துள்ளல் நினைவுக்கு வரலாம், அதிலும் குதிரை உண்டு, திருடப் போனவன் கால் போன கதையாக. இத்தகைய பாட்டை வகுப்பில் உரக்க வாசிக்கும்போது மூச்சை எங்கே விடுவது என்பதுதான் பாடம். ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தினால் குதிரை இடறிவிடும், பொருள் முடியும் இடத்தில் நிறுத்தினால் பாயும்.

உரைநடையில் மிகவும் நிலைத்தது தொலைந்த பிள்ளைகளின் கதை. 1864 ஆகஸ்டில் விக்டோரியாவின் விம்மெரா பகுதியில் ஒன்பது வயது ஐசக், ஏழு வயது ஜேன், அவர்களின் சின்னத் தம்பி ஃபிராங்க் ஆகிய மூவரும் துடைப்பத்துக்குச் செடி ஒடிக்கப் போய்ப் புதர்க்காட்டில் வழி தவறினார்கள். ஒன்பது நாள் கழித்து உயிரோடு கிடைத்தார்கள். இரவுக் குளிரில் ஜேன் தன் கவுனைக் கழற்றித் தம்பிக்குப் போர்த்தினாள் என்பது கதையின் உயிர்நிலை. ‘ஸ்கூல் பேப்பர்’ மரபிலிருந்து கிளைத்து 1920களின் இறுதியில் வரத் தொடங்கிய ‘விக்டோரியன் ரீடர்ஸ்’ எட்டுப் புத்தக வரிசையில், நான்காம் புத்தகம் இந்தக் கதையைத் தலைமுறைகளுக்குக் கொண்டுசேர்த்தது.

கேள்வி: இவையெல்லாம் பிரிட்டிஷ் பேரரசின் பிரசாரம்தானே? இதில் இலக்கியம் என்று எதைக் கொண்டாடுவது? — வாசகர், யாழ்ப்பாணம்

பிரசாரம் இருந்தது, நிறையவே இருந்தது. விக்டோரியா மகாராணியின் பிறந்த நாளான மே 24 ஆஸ்திரேலியாவில் 1905 முதல் ‘பேரரசு நாள்’. மே இதழைத் திறந்தால் கொடி, கப்பற்படை, அரச குடும்பம். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 25இல், ‘ஆன்சாக்’ எனப்பட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை துருக்கியின் கல்லிப்போலியில் இறங்கிய பிறகு ஏப்ரல் இதழுக்கும் அந்த நிறம் ஏறியது. நியூசிலாந்து இதழின் முதல் பத்தாண்டுகளில் இந்தத் தொனி பலமாகக் கேட்கும். அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரிகளின் கதைகள் வந்தபோதும் பெரும்பாலும் ஐரோப்பியர் திருப்பிச் சொன்னவையாகவே வந்தன.

ஆனால் ‘பிரசாரம்’ என்று முத்திரை குத்தி மூடிவைப்பது சோம்பேறித்தனம். பக்கத்தைப் பக்கமாகப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஜேன் கதையையே எடுங்கள். பிள்ளைகளைத் தேடி அலைந்த குடியேறிகளால் தடத்தைப் பின்தொடர முடியவில்லை. கண்டுபிடித்தது பழங்குடித் தடங்காணிகள் மூவர். அவர்களில் ஒருவர் டிக்-எ-டிக் என்று அறியப்பட்டவர், 1868இல் இங்கிலாந்துக்குச் சென்ற பழங்குடிக் கிரிக்கெட் அணியிலும் ஆடியவர். இந்தக் கதையின் எந்த வடிவம் கையில் கிடைத்தாலும் மூன்று கேள்விகளோடு வாசியுங்கள். தடங்காணிகளுக்குப் பெயர் இருக்கிறதா? அவர்களுக்கு எத்தனை வரி, ஜேன் கவுன் கழற்றியதற்கு எத்தனை வரி? மிதித்து ஒடிந்த குச்சியையும் புரண்ட கல்லையும் பார்த்து வழி சொன்ன அவர்களின் அறிவு ‘உள்ளுணர்வு’ என்று சொல்லப்படுகிறதா, ‘திறமை’ என்று சொல்லப்படுகிறதா? இதழின் அரசியல் கொடிப் படத்தில் இருப்பதைவிட இந்த வரிக் கணக்கில்தான் அதிகம் இருக்கிறது.

கெண்டலின் கவிதையும் பேரரசு வாழ்த்தும் ஒரே தாளில், ஒரே தையலில் பிள்ளையின் கைக்கு வந்தன. இரண்டையும் சேர்த்தே படிப்பதுதான் நியாயம்.

கேள்வி: மெல்போர்னில் என் மகள் பழைய பொருள் சந்தையில் தைத்த தொகுதி ஒன்றை வாங்கினாள். அட்டை இல்லை, தலைப்புப் பக்கமும் கிழிந்திருக்கிறது. எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்று எப்படி அறிவது? பாட்டுகளுக்கு மேலே கோடும் புள்ளியும் கலந்த எழுத்துகள் இருக்கின்றன. அவை என்ன? — வாசகி, சென்னை

முதலில் பக்க எண்ணைப் பாருங்கள். இவை பெரும்பாலும் ஆண்டு முழுவதும் தொடர் எண்ணில் ஓடும். ஒரு மாத இதழ் 32ஆம் பக்கத்தில் முடிந்தால் அடுத்தது 33இல் தொடங்கும். எண் மறுபடி ஒன்றுக்கு வந்தால் அங்கே புதிய ஆண்டு, அல்லது வேறு வகுப்பின் இதழ் கலந்திருக்கிறது. அங்கே பள்ளி ஆண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்கி டிசம்பரில் முடியும் என்பதை மனதில் வையுங்கள். ஜூன் மாதக் கணக்குப் போட்டால் குழம்பும்.

அடுத்து நாள் சார்ந்த பக்கங்கள். பேரரசு நாள் இருந்தால் 1905க்குப் பின். ஆன்சாக் என்ற சொல் வந்தால் 1915க்குப் பின். மன்னர் படம் இருந்தால் இன்னும் எளிது: ஏழாம் எட்வர்டு 1901–1910, அவருக்குப் பின் ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை. வகுப்பை அறியச் சொல் பட்டியல் உதவும். பாடத்தின் தலையிலோ காலிலோ எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய சொற்கள் பொருளோடு இருக்கும். சின்னச் சின்னச் சொற்களாக இருந்தால் கீழ்வகுப்பு. லத்தீன் வேர் கொண்ட நான்கு அசைச் சொற்கள் நிறைந்திருந்தால் மேல்வகுப்பு. இவ்வளவும் கிடைத்த பிறகு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தேடுதளத்தில் இதழின் பெயரையும் ஒரு கவிதையின் முதல் வரியையும் இட்டுப் பாருங்கள். எந்த நூலகத்தில் முழு வரிசை இருக்கிறது என்று தெரியும்.

எழுத்துகள் ‘டானிக் சோல்-ஃபா’ என்ற இசைக் குறிப்பு. தோ, ரே, மீ, ஃபா, சோ, லா, தீ ஆகியவற்றின் முதலெழுத்துகள். நம் சரிகமபதநி தெரிந்தவருக்கு அரை மணி நேரத்தில் பிடிபடும். செங்குத்துக் கோடு அழுத்தமான தட்டின் தொடக்கம். முக்காற்புள்ளி போன்ற இரட்டைப் புள்ளி அடுத்த தட்டின் தொடக்கம். நடுவே ஒற்றைப் புள்ளி வந்தால் தட்டு பாதியாகிறது. சிறு கோடு வந்தால் முன் சுரம் நீள்கிறது, நாம் ‘,’ போடுவது மாதிரி. எழுத்தின் மேல் மூலையில் சிறு கீற்று இருந்தால் தாரஸ்தாயி, கீழ் மூலையில் இருந்தால் மந்தரஸ்தாயி. இடம் வெறுமையாக இருந்தால் மௌனம். மேலே ‘கீ ஜி’ என்பதுபோல் இருப்பது சுருதி. எந்தச் சுருதியானாலும் ‘தோ’தான் ஆதாரம், நம் ‘ச’ போலவே. குறிப்பை அப்படியே பாடினால் சங்கராபரணச் சுரங்கள் வரும். லாவைச் சுற்றி நின்று முடியும் பாட்டு என்றால் நடபைரவியின் சாயல்.

பள்ளி இதழ்கள் இதை விரும்பியதற்கு அச்சுக்கூடக் காரணம் ஒன்று உண்டு. ஐங்கோட்டு இசைக்குறிப்புக்குத் தனி அச்செழுத்தோ தனித் தகடோ வேண்டும். சோல்-ஃபாவுக்குச் சாதாரண எழுத்துப் பெட்டியில் இருக்கும் எழுத்தும் நிறுத்தற்குறியும் போதும். ஒரு பென்னி இதழுக்கு அது பெரிய மிச்சம்.

கேள்வி: அப்படிப்பட்ட பழைய தாள்கள் எங்களிடமும் சில உள்ளன. தொட்டாலே ஒடிகின்றன. லேமினேட் செய்துவிடலாமா? — வாசகர், நாகப்பட்டினம்

வேண்டாம். லேமினேஷன் சூட்டில் ஒட்டுவது, திரும்பப் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலம் உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். இந்தத் தாள்களில் பல மரத்தை அரைத்துச் செய்த கூழால் ஆனவை. அதில் தங்கிய லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்தில் பழுப்பாகும். தாளில் மை பரவாமலிருக்கப் போட்ட படிகாரமும் அமிலமாக மாறி இழைகளை அறுக்கும். அதனால்தான் தொட்டால் ஒடிகிறது.

கம்பித் தையல் இருந்தால் முதலில் அதை எடுங்கள், துரு தாளைச் சுற்றிச் சுற்றி அரிக்கும். நடுப்பக்கத்தைத் திறந்து, கம்பியின் மடங்கிய கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, பின்பக்கமாக இழுக்க வேண்டும். ஸ்டேப்ளர் பிடுங்கியால் நெம்பினால் தாள் பிய்ந்து கம்பியோடு வரும். செலோடேப் எதிலும் படக் கூடாது, சில ஆண்டுகளில் அதன் பசை எண்ணெய்க் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடும்.

உள்ளூர் பைண்டரிடம் கொடுப்பதானால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பசையில் மயில்துத்தம் போட வேண்டாம். மைதாப் பசையைப் பூச்சி தின்னாமலிருக்க அதைக் கலப்பது வழக்கம். ஆனால் அதிலுள்ள செம்பு தாள் சிதைவதை வேகப்படுத்தும். இவ்வளவு நைந்த தாளைப் புதிதாகப் பைண்டு செய்யாமல், அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, நடுநடுவே அமிலமில்லாத தாள் வைப்பதே நல்லது. நாப்தலின் உருண்டை வேண்டாம். வேப்பிலை வைப்பதானால் நன்கு காய்ந்ததை, துணிப் பொட்டலமாக, தாளைத் தொடாத மூலையில். கடலோர ஊரில் ஈரப்பதம்தான் பெரிய எதிரி. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும், தினமும் ஏசி போட்டு அணைக்கும் அறையிலும் வைக்காதீர்கள். குளிர்ந்து சூடேறும்போது பெட்டிக்குள் ஈரம் படியும்.

வாசிக்க நினைத்தால் ஒரு முறை படமெடுத்துவிட்டு அதன்பின் படத்தையே வாசியுங்கள். முழுக்கத் தட்டையாக விரித்துக் கண்ணாடியால் அழுத்தாமல், இருபுறமும் துணிச் சுருள் வைத்துப் பாதி திறந்த நிலையில் ஒரு பக்கமாக எடுப்பது பாதுகாப்பு.

கேள்வி: இந்த இதழ்களிலிருந்து எழுத்தாளர்கள் யாராவது வந்தார்களா? — வாசகி, ஈரோடு

தொடக்கக் காலத்தில் தொகுப்புதான் அதிகம், புது எழுத்து குறைவு. பிறகு நிலைமை மாறியது. நியூசிலாந்தின் மார்கரெட் மாஹி எழுதிய ‘எ லயன் இன் தி மெடோ’ முதலில் வந்தது ஸ்கூல் ஜர்னலில்தான், 1965இல். அதைப் பார்த்த ஓர் அமெரிக்கப் பதிப்பகம் அவருடைய கதைகளைப் புத்தகமாக்க, அவர் உலகம் அறிந்தவரானார். நியூ சவுத் வேல்ஸில் பெட்ரீஷியா ரைட்சன் 1960களில் ஸ்கூல் மேகஸினின் ஆசிரியராக இருந்தார், 1986இல் சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றார்.

கேள்வி: அரசின் ‘தேன்சிட்டு’ இதழ் எங்கள் பள்ளிக்கு வருகிறது. அதோடு எட்டாம் வகுப்புக்கு மட்டும் மாதம் ஒரு இலக்கியத் தாள் நாங்களே போட விரும்புகிறோம். பழைய ஸ்கூல் பேப்பரிலிருந்து எதை எடுத்துக்கொள்வது? வேலை எப்படி? — தமிழாசிரியை, விருத்தாசலம்

மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: மாதத்துக்குப் பொருந்திய தேர்வு, முன்கூட்டித் தெரியாத பாடம், வீட்டுக்குப் போகும் தாள். தாள் பிள்ளையினுடையது. திரும்ப வாங்கி அலமாரியில் பூட்டினால் பயன் போயிற்று.

அளவு: ஏ4 தாள் நான்கை நடுவே மடித்தால் ஏ5 அளவில் 16 பக்கம். 12 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு 150 சொல் வரை வசதியாகக் கொள்ளும். 600 முதல் 700 சொல் வரும் ஓர் உரைநடை, வேறு சுவையில் 300 சொல்லில் இன்னொன்று, இரண்டு கவிதை, ஒரு பாட்டு, சொற்பொருள், படங்கள். இதற்கு மேல் திணித்தால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டி வரும், பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள்.

தேர்வில் வழக்கமாக நடக்கும் பிழை, கடைசி வரியில் நீதி இருக்கிறதா என்று பார்த்து எடுப்பது. இன்னொரு பிழை சுருக்கும்போது. கடினமான சொல் இருக்கிறது என்பதற்காக அந்த வாக்கியத்தையே வெட்டுகிறோம், பெரும்பாலும் எழுத்தாளர் உயிரைக் கொடுத்து எழுதியது அந்த வாக்கியமாகத்தான் இருக்கும். சுருக்க வேண்டுமானால் முழு நிகழ்ச்சியாக வெட்டுங்கள், வாக்கியத்துக்குள் கை வைக்காதீர்கள். வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள், ‘சுருக்கப்பட்டது’ என்று போடுங்கள். சொற்பொருள் ஒரு பாடத்துக்கு எட்டு அல்லது பத்துக்கு மேல் வேண்டாம். சூழலைக்கொண்டு ஊகிக்க முடிகிற சொல்லுக்குப் பொருள் தராதீர்கள். வட்டாரச் சொல்லுக்குக் ‘கொச்சை’ என்று குறிப்பும் போடாதீர்கள். அது அந்தப் பிள்ளையின் வீட்டுச் சொல்லாக இருக்கும்.

உரிமை: இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. பாரதி, புதுமைப்பித்தன் போன்ற நாட்டுடைமை ஆக்கப்பட்டோரின் எழுத்தைத் தயங்காமல் எடுக்கலாம். உயிரோடு இருப்பவர் என்றால் ஒரு கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள்.

பக்க அடுக்கு: வெளித் தாளில் ஒரு முகத்தில் 16, 1, மறுமுகத்தில் 2, 15. அடுத்த தாளில் 14, 3; 4, 13. மூன்றாவதில் 12, 5; 6, 11. நடுத் தாளில் 10, 7; 8, 9. எந்த முகத்திலும் இரண்டு எண்ணின் கூட்டுத்தொகை 17. வராவிட்டால் எங்கோ பிசகு. படமோ நீண்ட கவிதையோ முழு அகலத்துக்கு வேண்டுமானால் 8–9இல் மட்டும் வையுங்கள், அங்கேதான் ஒரே தாள் விரியும். ஜெராக்ஸ் கடையில் இருபக்க அச்சுக்கு ‘ஷார்ட் எட்ஜ்’ என்று சொல்லுங்கள். மற்றதைப் போட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதலில் ஒரு பிரதி எடுத்து மடித்துப் பார்த்துவிட்டு மீதியை ஓட்டுங்கள். 40 பிள்ளைகளுக்கு 160 தாள். 500 தாள் கட்டு ஒன்று மூன்று மாதத்துக்கு வரும்.

சாதாரண ஏ4 தாளின் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். நாம் மடிப்பது அதற்குக் குறுக்கே, அதனால் மடிப்பு எழும்பி நிற்கும். நான்கையும் சேர்த்து மடித்து, கரண்டியின் முதுகால் ஒரே திசையில் அழுத்தித் தேயுங்கள்.

தையலைப் பிள்ளைகளிடமே விடுங்கள். மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒவ்வொன்று. அரை மீட்டர் பருத்தி நூல் போதும். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, வெளிப்புறமாகப் போய் மேல்துளை வழியாக உள்ளே, உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. இப்போது இரண்டு நுனியும் உள்ளே நடுவில் இருக்கும். மேலிருந்து கீழாக ஓடும் நீளத் தையலுக்கு ஒரு நுனி இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் இருக்கிறதா என்று பார்த்து, தையலையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் கிடந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வாரத்துக்குள் தொளதொளத்துவிடும்.